சிங்கப்பூர் டு திருச்சி: பட்ஜெட்டில் நல்ல 'மால்பெக்' ரெட் ஒயின் தேர்ந்தெடுப்பது எப்படி?

"மாப்ள, சாங்கி ஏர்போர்ட்ல நிக்கிறேன். உனக்கு என்ன வேணும், சீக்கிரம் சொல்லு!"

திருச்சி, ஸ்ரீரங்கம் பக்கம் இருப்பவர்களுக்கு இந்த வாட்ஸ்அப் மெசேஜ் புதிதல்ல. சிங்கப்பூரில் வேலை பார்க்கும் நண்பனோ, மச்சானோ, சித்தப்பா பையனோ எல்லா வீட்டிலும் ஒருவராவது உண்டு. முன்பெல்லாம் பதில் ரெடியாக இருக்கும். கோடாலித் தைலம், சாக்லேட், விஸ்கி. இப்போது இளைஞர்கள் சிலர் "ஒரு ரெட் ஒயின் வாங்கிட்டு வாடா, மால்பெக்னு சொல்றாங்களே, அது" என்கிறார்கள்.

அங்கேதான் சிக்கல் ஆரம்பம். ஷெல்ஃபில் வரிசையாகக் கறுப்பு பாட்டில்கள். லேபிள் முழுக்க ஸ்பானிஷ். பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் இரண்டு பாட்டில்களில் ஒன்றின் விலை இன்னொன்றைப் போல மூன்று மடங்கு. அவர் போட்டோ எடுத்து அனுப்பி "இதுவா, அதுவா?" என்று கேட்கிறார். போர்டிங்குக்குப் பத்து நிமிஷம்தான் இருக்கிறது. நீங்கள் குத்துமதிப்பாக ஒன்றைச் சொல்ல, அது வீட்டுக்கு வந்து திறந்ததும் "என்னடா இது, துவர்க்குது!" என்று சிங்க்கில் ஊற்றப்படுகிறது.

அந்தப் பத்து நிமிஷத்துக்கான கட்டுரைதான் இது. படிக்கும் முன் ஒரு விஷயம். தமிழ்நாட்டில் மது வாங்கவும் குடிக்கவும் 21 வயது நிரம்பியிருக்க வேண்டும். குடிக்கும் பழக்கம் இல்லாதவர்கள் இதைப் படித்துவிட்டு ஆரம்பிக்க வேண்டிய அவசியமும் இல்லை.

மால்பெக் என்பது பிராண்ட் அல்ல!

முதலில் இந்தக் குழப்பம் தீரட்டும். மால்பெக் என்பது ஒரு திராட்சை ரகத்தின் பெயர். பூவன், ரஸ்தாளி, கற்பூரவல்லி என்று வாழையில் நாம் ரகம் சொல்கிறோம் இல்லையா, அது போல. நூற்றுக்கணக்கான கம்பெனிகள் மால்பெக் ஒயின் தயாரிக்கின்றன. அதனால் "மால்பெக் வாங்கிட்டு வா" என்று மட்டும் சொன்னால், "வாழைப்பழம் வாங்கிட்டு வா" என்று சொன்ன கதைதான்.

இதன் சொந்த ஊர் பிரான்ஸின் தென்மேற்குப் பகுதி. அங்கே கஹோர் என்ற ஊரைச் சுற்றி இன்றும் இது விளைகிறது. நிறம் அவ்வளவு அடர்த்தி என்பதால் அந்த ஊர் ஒயினுக்கு 'கறுப்பு ஒயின்' என்றே பெயர். ஆனால், மால்பெக்கை உலகத்துக்குத் தெரியவைத்தது அர்ஜென்டினா. 19-ம் நூற்றாண்டின் நடுவில் மிஷேல் புஜே என்ற பிரெஞ்சு வேளாண் வல்லுநர் இந்தக் கொடியை அங்கே மெண்டோசா மாகாணத்துக்குக் கொண்டுபோனார். அங்கே ஒரு வேளாண் பள்ளி தொடங்க 1853 ஏப்ரல் 17 அன்று மசோதா வைக்கப்பட்டது. அந்த நாளைத்தான் இப்போது ஆண்டுதோறும் உலக மால்பெக் தினமாகக் கொண்டாடுகிறார்கள்.

பிரான்ஸில் 1956-ல் விழுந்த கடும் உறைபனியில் கஹோர் பகுதித் திராட்சைக் கொடிகள் பெருமளவு அழிந்துபோயின. அர்ஜென்டினாவிலோ கொடி செழித்தது. அதற்குக் காரணம் அந்த ஊரின் மண்ணும் மலையும். மெண்டோசா கிட்டத்தட்ட பாலைவனம். வருடத்துக்குச் சுமார் 200 மில்லி மீட்டர் மழைதான். ஆண்டிஸ் மலையின் பனி உருகி வரும் தண்ணீரை வாய்க்கால் வெட்டிப் பாய்ச்சுகிறார்கள். காவிரித் தண்ணீரை வாய்க்கால் பிரித்து வயலுக்குக் கொண்டுபோகும் நமக்கு இது எளிதாகப் புரியும். மழை குறைவு என்பதால் பூஞ்சை நோய் குறைவு, பழம் அழுகும் கவலையும் குறைவு. நல்ல ஒயினைக் குறைந்த செலவில் செய்ய முடிவதற்கு இது முக்கியமான காரணம்.

இனிக்காது!

நம் ஊரில் பலருக்கு 'ரெட் ஒயின்' என்றால் இனிப்பான போர்ட் ஒயின்தான் நினைவுக்கு வரும். அல்லது கிறிஸ்துமஸுக்கு வீட்டில் சர்க்கரை போட்டு ஊறவைத்துச் செய்யும் திராட்சை ஒயின். மால்பெக் அப்படியல்ல. பழத்தில் இருந்த சர்க்கரை அநேகமாக முழுவதும் புளித்து ஆல்கஹாலாக மாறிவிடும். நாக்கில் இனிப்பு நிற்காது. இதைச் சொல்லாமல் கொடுப்பதால்தான் பாதி பாட்டில்கள் சிங்க்குக்குப் போகின்றன.

பிறகு என்ன சுவை? ஒரு நல்ல நாவல் பழத்தை நினைத்துக்கொள்ளுங்கள். திருவானைக்காவலின் தலமரமே வெண்நாவல்தான், எனவே இந்தப் பழத்தைத் திருச்சிக்காரர்களுக்கு அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. முதலில் பழச்சுவை, கூடவே கொஞ்சம் புளிப்பு, கடைசியில் நாக்கைப் பிடிக்கும் துவர்ப்பு, பற்களில் ஊதா நிறம். மால்பெக்கும் ஏறக்குறைய இதே வரிசையில்தான் வரும். ஒயின் தெரிந்தவர்கள் இதில் கறுப்பு பிளம், கறுப்பு செர்ரி, வயலட் பூ வாசம் என்பார்கள். ஓக் மரப் பீப்பாயில் வைத்திருந்தால் வெனிலா, காபி, சாக்லேட் மணமும் சேரும்.

அந்தத் துவர்ப்புக்கு 'டானின்' என்று பெயர். திராட்சைத் தோலிலும் விதையிலும் இருந்து வருவது. ரொம்ப நேரம் கொதித்த கட்டன் சாயா குடித்தால் நாக்கு வறண்டுபோகுமே, அதுவும் இதுவே. எல்லா ரெட் ஒயினிலும் டானின் உண்டு. கேபர்னே சாவிஞோனில் அது கொஞ்சம் முரட்டுத்தனமாக இருக்கும். அர்ஜென்டினா மால்பெக்கில் பெரும்பாலும் மென்மையாக இருக்கும். முதல்முறை ட்ரை ரெட் ஒயின் குடிப்பவர்களுக்கு மால்பெக்கைச் சிபாரிசு செய்வது இதனால்தான்.

லேபிளில் பார்க்க வேண்டிய 5 விஷயங்கள்

1. ஊர் பெயர்: வெறும் 'அர்ஜென்டினா' என்று மட்டும் போட்டிருந்தால், பல இடத்துப் பழங்களைக் கலந்து செய்ததாக இருக்கலாம். 'மெண்டோசா' என்று இருந்தால் ஒரு படி மேல். 'லுஹான் டி குயோ' அல்லது 'ஊகோ பள்ளத்தாக்கு' என்று குறிப்பான இடம் இருந்தால் இன்னும் நல்லது. ஊகோ பள்ளத்தாக்கின் தோட்டங்கள் சுமார் 900 முதல் 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கின்றன. ஏறத்தாழ நம் ஏற்காடு உயரம் வரை. பகலில் சுள்ளென்று வெயில், ராத்திரியில் குளிர். அதனால் பழத்துக்கு நிறமும் ஏறும், புளிப்பும் குறையாது. புளிப்பு இருந்தால்தான் ஒயின் குடிக்கச் சலிக்காது. லுஹான் டி குயோ ஒயின் பெரும்பாலும் இன்னும் கொஞ்சம் கனிந்த, உருண்டையான சுவையில் இருக்கும்.

2. வருடம்: அது பாட்டிலில் அடைத்த வருடம் அல்ல, பழம் அறுவடையான வருடம். அர்ஜென்டினா தெற்கு அரைக்கோளத்தில் இருப்பதால் அங்கே அறுவடை பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை நடக்கும். பட்ஜெட் மால்பெக்குக்கு 2 முதல் 4 வருடப் பழசு சரியாக இருக்கும். 'ஒயின் பழசாகப் பழசாக நல்லது' என்பது எல்லா ஒயினுக்கும் பொருந்தாது. குறைந்த விலை ஒயின்கள் சீக்கிரம் குடிப்பதற்காகவே செய்யப்படுபவை. 8 வருடப் பழைய பாட்டில் 'ஆஃபர்' விலையில் இருந்தால் சந்தேகப்படுங்கள்.

3. ரிசர்வா: அர்ஜென்டினாவில் 'ரிசர்வா' என்று போட வேண்டுமானால் ரெட் ஒயினைக் குறைந்தது 12 மாதங்கள் வைத்திருந்து பக்குவப்படுத்த வேண்டும். 'கிரான் ரிசர்வா' என்றால் 24 மாதங்கள். ஆனால், எல்லா நாடுகளிலும் இதே விதி கிடையாது. 'செலக்‌ஷன்', 'பிரைவேட்', 'பிரீமியம்', 'ஸ்பெஷல்' போன்ற வார்த்தைகளை விளம்பரமாகவே எடுத்துக்கொள்ளுங்கள். கனமான பாட்டில், தங்கநிற லேபிள், அடியில் ஆழமான குழி, இதற்கெல்லாம் சுவையோடு சம்பந்தம் கிடையாது.

4. ஆல்கஹால் அளவு: மால்பெக்கில் பொதுவாக 13 முதல் 14.5 சதவிகிதம் இருக்கும். 14.5-ஐத் தாண்டினால் நம் ஊர் வெயிலில் குடிக்கக் காரமாகவும் கனமாகவும் தெரியும். 13 முதல் 13.5 வரை இருப்பதைத் தேர்ந்தெடுங்கள்.

5. மூடி: திருகு மூடி என்றால் மட்டம் என்று நினைக்காதீர்கள். இளம் ஒயினுக்கு அது நல்ல மூடிதான். கார்க் கெட்டு வாசம் மாறும் பிரச்னை அதில் பெரும்பாலும் இருக்காது. வீட்டில் கார்க் ஓப்பனர் இல்லாமல் ஸ்க்ரூ டிரைவரை வைத்துப் போராட வேண்டிய அவசியமும் இல்லை.

எந்தப் பெயர்களைத் தேடலாம்?

உலகம் முழுக்கப் பரவலாகக் கிடைக்கும், அதிக விலை வைக்காத பெயர்கள் சிலவற்றை மட்டும் மனதில் வைத்துக்கொண்டால் போதும்.

டிராபிச்சே 1883-ல் தொடங்கிய பழைய மெண்டோசா கம்பெனி. நோர்ட்டன் 1895-ல் எட்மண்ட் நோர்ட்டன் என்ற ஆங்கிலேய இன்ஜினீயர் தொடங்கியது. ஆலமோஸ், புகழ்பெற்ற கட்டேனா குடும்பத்தின் பட்ஜெட் லேபிள். சான்டா ஹூலியா, அதேபோல ஸூக்கார்டி குடும்பத்துடையது. டிரிவென்டோ, சிலி நாட்டின் கொஞ்சா இ டோரோ நிறுவனத்துக்குச் சொந்தமானது. கைகென், சிலியின் மோன்டெஸ் நிறுவனத்தார் அர்ஜென்டினாவில் செய்வது.

இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. பெரிய பெயரெடுத்த குடும்பங்கள் தங்கள் விலையுயர்ந்த ஒயினுக்குக் கீழே பட்ஜெட் லேபிள்களும் வைத்திருப்பார்கள். பெயர் கெடக் கூடாது என்பதால் அதிலும் தரத்தைக் கவனிப்பார்கள். பெயர் தெரியாத கம்பெனியின் 'பிரீமியம்' பாட்டிலைவிட, பெயர் தெரிந்த குடும்பத்தின் சாதாரண பாட்டில் பாதுகாப்பான தேர்வு.

பிரான்ஸின் கஹோர் கிடைத்தால்? அதில் குறைந்தது 70 சதவிகிதம் மால்பெக் இருக்க வேண்டும் என்பது விதி. ஆனால், லேபிளில் பெரிதாக 'கஹோர்' என்றுதான் இருக்கும், 'மால்பெக்' என்று இல்லாமலும் போகலாம். துவர்ப்பு அதிகம், பழச்சுவை குறைவு. பழகிய நாக்குக்குப் பிடிக்கும். முதல் பாட்டிலுக்கு வேண்டாம்.

காசுக் கணக்கு: 'ஒரு படி மேல்' எங்கே லாபம்?

இதுதான் பலரும் கவனிக்காத விஷயம். சிங்கப்பூரில் மதுவுக்கான வரி பாட்டில் விலையை வைத்துப் போடுவதில்லை. அதில் இருக்கும் ஆல்கஹால் அளவை வைத்துப் போடுகிறார்கள். ஒரு லிட்டர் சுத்த ஆல்கஹாலுக்கு 88 சிங்கப்பூர் டாலர். 13.5 சதவிகிதம் உள்ள 750 மில்லி பாட்டில் என்றால் ஏறத்தாழ 9 டாலர். மட்டமான ஒயினுக்கும் அதே 9, நல்ல ஒயினுக்கும் அதே 9. அதன்மேல் 9 சதவிகித ஜி.எஸ்.டி.

இப்போது சிங்கப்பூர் சூப்பர் மார்க்கெட்டில் 30 டாலர் பாட்டில் ஒன்று, 40 டாலர் பாட்டில் ஒன்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். வரிகளைக் கழித்தால் முதலாவதில் மிஞ்சுவது சுமார் 18.60 டாலர். இரண்டாவதில் சுமார் 27.80 டாலர். நீங்கள் கூடுதலாகக் கொடுப்பது மூன்றில் ஒரு பங்கு. ஆனால், ஒயினுக்கும் கடைக்காரருக்கும் போய்ச் சேரும் பணம் கிட்டத்தட்ட ஒன்றரை மடங்கு. கண்ணாடி பாட்டிலுக்கும் கப்பல் கூலிக்கும் ஆகும் செலவு இரண்டுக்கும் ஏறக்குறைய ஒன்றுதான். ஆகவே, அங்கே அடிமட்ட விலை பாட்டிலைவிட அதற்கு அடுத்த படியில் இருப்பதை வாங்குவதே லாபம். அதற்கும் மேலே போகப் போக, பெயருக்குத்தான் காசு.

டியூட்டி ஃப்ரீ கடையில் அந்த வரி இருக்காது. ஆனால், அங்கே வைத்திருக்கும் விலை எப்போதும் குறைவு என்று அர்த்தமில்லை. ஊருக்குக் கிளம்பும் முன்பே நகரத்துக் கடை விலையைப் போனில் ஒரு போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு வாங்கலாம்.

இந்தியாவில் கணக்கு தலைகீழ். இறக்குமதி ஒயினுக்கு இங்கே சுங்க வரி நெடுங்காலமாக 150 சதவிகிதம். துறைமுகத்துக்கு 1,000 ரூபாய் மதிப்பில் வந்து இறங்கும் பாட்டில், வரியோடு 2,500 ரூபாய். மதுவுக்கு ஜி.எஸ்.டி கிடையாது. அதற்குப் பதில் மாநில வரிகள் தனி. விலை ஏற ஏற வரியும் சேர்ந்தே ஏறும். இங்கே 'ஒரு படி மேல்' போவது, ஒயினைவிட வரிக்குத்தான் அதிகம் கொடுப்பது.

திருச்சி ஏர்போர்ட்டில் இறங்கும்போது

திருச்சி விமான நிலையத்தின் புதிய முனையம் 2024 ஜனவரியில் திறந்துவைக்கப்பட்டது. கூட்டம் குறையவில்லை, மதுவுக்கான கஸ்டம்ஸ் அளவும் மாறவில்லை. வெளிநாட்டிலிருந்து வரும் பயணி ஒருவர் வரியில்லாமல் 2 லிட்டர் வரை மது கொண்டுவரலாம். ஒயின், விஸ்கி, பீர் எல்லாம் சேர்த்து 2 லிட்டர். 750 மில்லி ஒயின் பாட்டில் என்றால் இரண்டுதான். இரண்டு பாட்டில் 1.5 லிட்டர், மூன்றாவது சேர்ந்தால் 2.25 லிட்டராகிவிடும். ஏற்கெனவே அப்பாவுக்கு ஒரு லிட்டர் விஸ்கி வாங்கியிருந்தால் உங்களுக்கு ஒரு ஒயின் பாட்டில்தான் பாக்கி. அளவு மீறினால் ரெட் சேனலில் போய்ச் சொல்லி வரி கட்ட வேண்டும். "கேட்டா பாத்துக்கலாம்" என்று கிரீன் சேனலில் நடந்தால் பாட்டிலும் போகும், அபராதமும் வரும்.

நகரத்துக் கடையில் வாங்கிய பாட்டிலை ஹேண்ட் பேக்கில் எடுத்துவர முடியாது. செக்-இன் பெட்டியில்தான் வைக்க வேண்டும். பிளாஸ்டிக் கவரில் போட்டு, கைலியில் நன்றாகச் சுற்றி, பெட்டியின் நடுவில் துணிகளுக்கிடையே வைக்கச் சொல்லுங்கள். ஓரத்தில் வைத்தால் உடையும். ரெட் ஒயின் கறை பட்ட புதுச் சேலைக்கு அம்மாவிடம் யார் பதில் சொல்வது? டியூட்டி ஃப்ரீயில் வாங்கியதைச் சீல் வைத்த கவரில் கொடுப்பார்கள். வீடு வரும் வரை அதைத் திறக்கக் கூடாது. குறிப்பாக, வழியில் இன்னொரு நாட்டில் விமானம் மாறுபவர்கள். குவைத், ஷார்ஜா போன்ற இடங்களில் மதுவே தடை. அங்கிருந்து வருபவரிடம் கேட்டு அவரை வம்பில் மாட்டிவிடாதீர்கள்.

திருச்சியிலேயே வாங்குவதென்றால்?

தமிழ்நாட்டில் 2003 முதல் மதுவின் சில்லறை விற்பனை டாஸ்மாக் கையில். இறக்குமதி ஒயின் வேண்டுமானால் எலைட் கடையில்தான் கேட்க வேண்டும். மால்பெக் இருந்தால் அதிர்ஷ்டம். இல்லையென்றால் மனம் தளர வேண்டாம். இந்திய ஒயின்களில் மால்பெக்குக்குச் சுவையில் ஓரளவு பக்கத்தில் வருவது 'ஷிராஸ்'. நாசிக்கின் சூலா, பெங்களூரு அருகே நந்தி மலையடிவாரத்தின் குரோவர் ஸம்பா, சோலாப்பூர் மாவட்டத்தின் ஃபிராட்டெல்லி போன்ற பெயர்களைக் கேட்டுப் பாருங்கள். சுங்க வரி இல்லாததால் அதே காசுக்குத் தரம் கூடுதலாகக் கிடைக்கும். லேபிளில் 'போர்ட்' என்று இருந்தால் அது இனிப்பு ஒயின், குழம்ப வேண்டாம்.

பாண்டிச்சேரி, காரைக்கால் போய் வாங்கிவரும் யோசனை வேண்டாம். மலிவுதான். ஆனால், அனுமதியில்லாமல் எல்லை தாண்டிக் கொண்டுவந்து சோதனைச்சாவடியில் பிடிபட்டால், 300 ரூபாய் மிச்சம் பிடிக்கப் போய் வழக்குக்கு அலைய வேண்டிவரும்.

இன்னொரு சந்தேகம் பலருக்கு வரும். "நம்ம கம்பம் பன்னீர் திராட்சைல ஒயின் பண்ண முடியாதா?" 2023-ல் புவிசார் குறியீடு வாங்கிய அந்தத் திராட்சை, மஸ்கட் ஹாம்பர்க் என்ற ரகம். ஒயின் செய்யலாம். ஆனால், அது வாசனையான, லேசான ஒயினாக வரும். மால்பெக்கின் அடர் நிறமும் துவர்ப்பும் அதில் கிடைக்காது. காந்தி மார்க்கெட்டில் வாங்கி அப்படியே சாப்பிடுவதே அதற்குச் செய்யும் மரியாதை.

திருச்சி வெயில்தான் முதல் எதிரி

நல்ல பாட்டிலை வாங்கி, வீட்டில் கெடுப்பவர்கள் அதிகம். ஒயினுக்குச் சூடு ஆகாது. அக்னி நட்சத்திரத்தில் 40 டிகிரியைத் தொடும் ஊரில் பாட்டிலை ஸ்கூட்டர் டிக்கியிலோ, மொட்டை மாடி ரூமிலோ, கேஸ் அடுப்புக்கு மேலிருக்கும் பரணிலோ வைத்தால், சில நாளிலேயே வேகவைத்த பழ வாசம் வந்துவிடும். கார்க் லேசாக வெளியே தள்ளியிருந்தாலோ, கழுத்தில் ஒயின் கசிந்த தடம் இருந்தாலோ, அந்த பாட்டில் எங்கோ சூட்டில் கிடந்திருக்கிறது என்று அர்த்தம். வாங்கும்போதே அதைப் பாருங்கள்.

திறக்காத பாட்டிலை நம் ஊரில் ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில் வைப்பதுதான் பாதுகாப்பு. 'ரெட் ஒயினை ரூம் டெம்பரேச்சரில் குடிக்கணும்' என்று எங்காவது படித்திருப்பீர்கள். அது ஐரோப்பிய அறை. மால்பெக்குக்கு ஏற்ற வெப்பநிலை 16 முதல் 18 டிகிரி. ஃப்ரிட்ஜில் இருந்து எடுத்தால் கால் மணி நேரம் வெளியே வையுங்கள். வெளியில் இருந்த பாட்டில் என்றால் முக்கால் மணி நேரம் ஃப்ரிட்ஜில் வையுங்கள். சூடாகக் குடித்தால் ஆல்கஹால் மட்டும்தான் மூக்கில் ஏறும்.

திறந்தபின் மூடி, ஃப்ரிட்ஜில் வைத்தால் 3 முதல் 5 நாள்கள் தாங்கும். அதனால் 'திறந்தாச்சு, முடிச்சிடணும்' என்ற கட்டாயம் இல்லை. தாண்டிவிட்டதா? மட்டன் குழம்பில் அரை டம்ளர் ஊற்றிக் கொதிக்கவிடுங்கள்.

எதோடு சாப்பிடலாம்?

அர்ஜென்டினாவில் சுட்ட மாட்டிறைச்சியோடு குடிக்கிறார்கள். காரணம், இறைச்சியின் கொழுப்பும் புரதமும் டானினின் துவர்ப்பை அடக்கிவிடும். நம் சாப்பாட்டில் மட்டன் சுக்கா, மிளகு வறுவல், சீரகச் சம்பா பிரியாணி சரியாக இருக்கும். மிளகாய்க் காரம் மட்டும் அளவாக இருக்கட்டும். ஆல்கஹாலும் டானினும் அந்த எரிச்சலைக் கூட்டிவிடும்.

சைவம் என்றால் காளான் மிளகு வறுவல், பனீர் டிக்கா, எண்ணெய்க் கத்திரிக்காய் வதக்கல். தவிர்க்க வேண்டியவை மூன்று. மீன் குழம்பு, ஏனென்றால் மீனும் டானினும் சேர்ந்தால் நாக்கில் இரும்பு வாடை. வத்தக்குழம்பு, அந்தப் புளிப்பில் ஒயின் சப்பென்று ஆகிவிடும். ஸ்வீட், அதன் பின் மால்பெக் கசக்கும்.

பாட்டில் கெட்டுவிட்டதா?

திறந்ததும் முகர்ந்து பாருங்கள். நனைந்த அட்டைப்பெட்டி, ஈரச் சாக்கு வாசம் வந்தால் கார்க் கெட்டிருக்கிறது. காடி வாசம் வந்தால் காற்றுப்பட்டுப் புளித்துவிட்டது. அடியில் கறுப்பு வண்டல் இருந்தால் பயப்பட வேண்டாம், அது இயல்புதான். வெறும் துவர்ப்பு மட்டும் என்றால் கெடவில்லை. கிளாஸில் ஊற்றி அரை மணி நேரம் காற்றாட வையுங்கள், கொஞ்சம் அடங்கும். ஒயின் கிளாஸ் இல்லையா? அகலமான கண்ணாடி டம்ளர் போதும், பாதி மட்டும் ஊற்றுங்கள்.

அளவும் சட்டமும்

'ரெட் ஒயின் இதயத்துக்கு நல்லது' என்ற வாட்ஸ்அப் ஃபார்வர்டை நம்பிக் குடிக்காதீர்கள். ஆல்கஹாலில் பாதுகாப்பான அளவு என்று எதுவுமில்லை என்று உலக சுகாதார நிறுவனம் 2023-ல் தெளிவாகச் சொல்லிவிட்டது. ஒரு பாட்டிலில் 150 மில்லி வீதம் 5 கிளாஸ். 13.5 சதவிகித ஒயினில் ஒரு கிளாஸுக்குள் சுமார் 16 கிராம் ஆல்கஹால் இருக்கிறது. 'ஒயின்தானே' என்று பாட்டிலை ஒருவரே முடித்தால் 80 கிராம். கர்ப்பிணிகள், கல்லீரல் பிரச்னை உள்ளவர்கள், சர்க்கரைக்கோ தூக்கத்துக்கோ மனநலத்துக்கோ மாத்திரை எடுப்பவர்கள் தொடவே வேண்டாம்.

100 மில்லி ரத்தத்தில் 30 மில்லி கிராம் ஆல்கஹாலைத் தாண்டினால் வண்டி ஓட்டக் கூடாது. முதல்முறை மாட்டினாலே 10,000 ரூபாய் அபராதம் அல்லது 6 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். ஒரு கிளாஸே சிலரை அந்தக் கோட்டுக்கு அருகில் கொண்டுபோய்விடும். தில்லை நகரில் நண்பன் வீட்டில் குடித்துவிட்டு, காவிரிப் பாலம் தாண்டி ஸ்ரீரங்கத்துக்கு பைக்கில் வருவது என்ற பேச்சே வேண்டாம். அங்கேயே தூங்குங்கள், இல்லை ஆட்டோ பிடியுங்கள். பொது இடத்தில், குறிப்பாகக் காவிரி, கொள்ளிடம் கரையில் உட்கார்ந்து குடிப்பது குற்றம். பாட்டிலை அங்கே உடைத்துப் போட்டால் நாளைக் காலை குளிக்க இறங்குபவர் காலைத்தான் அது கிழிக்கும்.

வீட்டில் யாருக்காவது குடி பிடிக்காது என்றால், அவர்கள் இருக்கும் வீட்டு ஃப்ரிட்ஜில் கொண்டுவந்து வைக்காதீர்கள். ஒரு பாட்டில் ஒயினுக்காகப் பாட்டி ஃப்ரிட்ஜைத் தொடாமல் இருக்க வேண்டுமா என்ன?

மச்சானுக்கு அனுப்ப ஒரு மெசேஜ்

இனி சாங்கியிலிருந்து மெசேஜ் வந்தால் இதை அப்படியே காப்பி செய்து அனுப்பிவிடுங்கள்:

"அர்ஜென்டினா மால்பெக். மெண்டோசா இல்லன்னா ஊகோனு போட்டிருக்கணும். அறுவடை வருஷம் 2 முதல் 4 வருஷத்துக்கு முன்னாடி. ஆல்கஹால் 13.5 கிட்ட. டிராபிச்சே, நோர்ட்டன், ஆலமோஸ், சான்டா ஹூலியா, எது இருந்தாலும் ஓகே. இருக்கறதுலயே சீப்பானது வேண்டாம், அதுக்கு அடுத்தது எடு. திருகு மூடின்னாலும் பரவால்ல. மொத்தம் 2 லிட்டர் தாண்டக் கூடாது. கைலில சுத்தி நடுவுல வை."

பாட்டில் வந்து சேர்ந்ததும் உடனே திறக்க வேண்டாம். பயணத்தில் குலுங்கியிருக்கும், இரண்டு நாள் ஃப்ரிட்ஜில் ஓய்வெடுக்கட்டும். அதற்குள் வாங்கி வந்தவரும் தூக்கம் தெளிந்து, சொந்தக்காரர் வீடுகளுக்கெல்லாம் போய்விட்டு வந்துவிடுவார். அவரையும் சேர்த்துக் கூப்பிட்டுத் திறந்தால்தானே முறை!